சுருக்கியும் தீராத ஜீனோம் கோப்புகள்: வாசகர் கேள்வி – பதில்

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைக் கருவியால் படிக்கும் சீக்வென்சிங்கில் வரும் தரவை எப்படிச் சுருக்குவது, எதை வைப்பது, எதை அழிப்பது என்று வந்த கேள்விகளுக்கு இந்த முறை விடை தருகிறோம். பல கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: டிஎன்ஏவில் இருப்பது நான்கே எழுத்து. ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் போதும். மனித ஜீனோமுக்கு 800 எம்பிகூட ஆகாது. ஆனால் 30 மடங்கு ஆழத்தில் எடுத்த ஒரே ஒரு மாதிரி, ஜிசிப் என்ற பொதுச் சுருக்கியால் சுருக்கிய பிறகும் பல பத்து ஜிபி பிடிக்கிறது. இடமெல்லாம் எங்கே போகிறது?

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். 310 கோடி எழுத்துகளை 30 முறை படித்தால் 9,300 கோடி எழுத்துகள். ஒரு ரீடின், அதாவது கருவி ஒரே மூச்சில் படிக்கும் துண்டின், நீளம் 150 என்றால் சுமார் 62 கோடி ரீடுகள். ரீடுகள் அடங்கிய உரைக்கோப்பான ஃபாஸ்ட்க்யூவில் ஒவ்வொரு ரீடுக்கும் நான்கு வரி உண்டு: பெயர், எழுத்து வரிசை, ஒரு கூட்டல் குறி, தரமதிப்பெண் (ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு நம்பத்தக்கது என்ற எண்) வரிசை. எழுத்துக்கு 93 ஜிபி, தரமதிப்பெண்ணுக்கு அதே 93 ஜிபி. கருவியின் எண், ரீட் கருவிக்குள் எங்கே படிக்கப்பட்டது என்று காட்டும் ஃப்ளோசெல், லேன், டைல், ஆயத்தொலைவுகள் எல்லாம் அடங்கிய பெயர் வரிக்கு 60 பைட் வைத்தால் இன்னொரு 37 ஜிபி. சுருக்காத கோப்பு ஏறக்குறைய 225 ஜிபிக்கு வந்துவிடுகிறது.

இந்த மூன்றும் மூன்று வேறு விதமான தரவு. பெயர்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை, எளிதில் சுருங்கும். எழுத்துகளில் ஒரே இடத்தை 30 முறை படித்த மிகை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். தரமதிப்பெண் ஏறத்தாழ இரைச்சல். சுருங்க அடம்பிடிப்பது அதுதான். ஜிசிப் இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே நீரோட்டமாக எடுத்துக்கொண்டு, இதற்கு முந்தைய 32 கேபிக்குள் இதே துண்டு வந்திருக்கிறதா என்று மட்டும் தேடுகிறது. ஒரு ரீடுக்கு 365 பைட் என்று வைத்தால் அந்த 32 கேபிக்குள் அடங்குவது 90 ரீடுகள். ஜீனோமில் ஒரே இடத்திலிருந்து வந்த 30 ரீடுகளோ 62 கோடி ரீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஜிசிப்பின் கண்ணில் அவை படவே படா.

போதாக்குறைக்கு, அந்தச் சிறு சாளரத்துக்குள் எட்டு, பத்து எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போகும். ‘இத்தனை தூரம் பின்னால், இத்தனை நீளம்’ என்று அதைக் குறிக்கவே ஏறக்குறைய 20 பிட் ஆகும். எட்டு எழுத்தை நேரடியாக எழுதினால் 16 பிட்தான். ஆகவே ஜிசிப்பில் எழுத்துக்கான செலவு இரண்டு பிட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. எழுத்துகளுக்கு மட்டும் 23 ஜிபிக்கு மேல், அதோடு தரமதிப்பெண்ணும் சேர்ந்தால் நீங்கள் பார்க்கும் அளவு வந்துவிடும். ஜிசிப்பின் சுருக்க நிலையை 6-இலிருந்து 9 ஆக்கினால் நேரம்தான் பல மடங்கு கூடும். இடம் சில விழுக்காடே மிச்சமாகும். அதைச் செய்யவே வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் பேம் கோப்புகள் (ரீடுகளை ரெஃபரன்ஸ் என்ற ஒப்பீட்டு ஜீனோமோடு பொருத்தி வைத்தவை) நிறைய இருக்கின்றன. அதே தரவை இன்னும் சுருக்கி வைக்கும் க்ராம் வடிவத்துக்கு மாற்றலாமா? எதையாவது இழப்போமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: மாற்றலாம். தயங்கவே வேண்டாம். க்ராமின் அடிப்படைக் கருத்து, ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமான ஈபிஐ ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ரெஃபரன்ஸ் வழிச் சுருக்கம். ரீடில் உள்ள 150 எழுத்துகளையும் எழுதாமல், ரெஃபரன்ஸில் எந்த இடத்தில் பொருந்துகிறது, எங்கெல்லாம் மாறுகிறது என்பதை மட்டும் அது எழுதுகிறது. கோப்பு இட வரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பதால் ‘எந்த இடம்’ என்பதும் முந்தைய ரீடிலிருந்து மூன்று தள்ளி, பூஜ்யம் தள்ளி, ஏழு தள்ளி என்று சின்ன எண்ணாகிவிடும். மாற்றமே இல்லாத ரீடுக்கு எழுத்து எதுவும் எழுதப்படுவதில்லை. பெயர், இடம், ரீடின் நிலையைக் காட்டும் கொடி, தரமதிப்பெண், ஒவ்வொரு டேக் (ரீடோடு ஒட்டிய கூடுதல் தகவல்) என எல்லாம் தனித்தனித் தொகுப்பாகப் பிரிந்து, அததற்கு ஏற்ற முறையில் சுருங்குகின்றன. புதிய சீக்வென்சர்களின் தரவில் பேமின் பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். 40 படிகளில் தரமதிப்பெண் கொடுத்த பழைய தரவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல பலன்.

முதலில் பேம் கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று இந்தக் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் என்ற நிரல்தொகுப்பின் குவிக்செக் கட்டளையால் பாருங்கள். சரியான பேமின் கடைசியில் 28 பைட் நீளமுள்ள ஒரு முடிவுக் குறி இருக்கும். நகலெடுக்கும்போது பாதியில் நின்றுபோன கோப்பில் அது இருக்காது. இரண்டாவதாக, கோப்பு இட வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வரிசையில் இருந்தால் ரெஃபரன்ஸ் வழிச் சுருக்கத்தின் பலனில் பெரும்பகுதி போய்விடும், வேகமும் படுத்துவிடும். மூன்றாவதாக, அந்தப் பேம் எந்த ஃபாஸ்டாவோடு (ஜீனோமின் எழுத்து வரிசை மட்டும் உள்ள உரைக்கோப்பு) பொருத்தப்பட்டதோ அதே ஃபாஸ்டாவைப் பெரிய டி விருப்பத்தில் கொடுத்து, வியூ கட்டளையின் பெரிய சி விருப்பத்தால் க்ராம் எழுதுங்கள். வெளியீட்டு வடிவ விருப்பத்தில் ஃபாஸ்ட், நார்மல், ஸ்மால், ஆர்க்கைவ் என நான்கு அளவுகோல்கள் உள்ளன. தினமும் திறக்கும் கோப்புக்கு நார்மல் போதும். ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பதற்கு ஆர்க்கைவ் கொடுங்கள். ஆர்க்கைவில் ஒரு துண்டுக்கு 10,000 ரீடுக்குப் பதில் அதைவிட மிகப் பல ரீடுகள் சேர்க்கப்படுவதால், நடுவிலிருந்து ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுப்பது மெதுவாகும்.

பதிப்பையும் கவனியுங்கள். க்ராம் 3.1-இல் தரமதிப்பெண்ணுக்கும் ரீட் பெயருக்கும் தனிச் சுருக்கிகள் உண்டு, 3.0-ஐவிட நன்றாகவே சுருங்கும். சாம்டூல்ஸ் 1.22-இலிருந்து அதுவே இயல்பான பதிப்பு. உங்கள் பைப்லைனில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் கருவிகளின் வரிசை) வேறு மொழிகளில் எழுதிய கருவிகளோ பழைய கருவிகளோ இருந்தால், ஒரு சின்னக் கோப்பை 3.1-இல் எழுதி எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எங்காவது தடுக்கினால் பதிப்பை 3.0 என்று வெளிப்படையாகக் கொடுத்து எழுதுங்கள்.

இழப்பு பற்றிய பயம் பலருக்கு எப்படி வருகிறது என்றால், பேமை க்ராமாக்கி, மறுபடி பேமாக்கி, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாது. காரணம், ரீட் ரெஃபரன்ஸிலிருந்து எங்கே, எத்தனை இடத்தில் மாறுகிறது என்று சொல்லும் எம்டி, என்எம் டேக்குகளை க்ராம் வழக்கமாகச் சேமிப்பதில்லை. படிக்கும்போது ரெஃபரன்ஸிலிருந்து கணக்கிட்டுத் தருகிறது. முதலில் இல்லாத டேக் திரும்பும்போது முளைக்கும், டேக்குகளின் வரிசையும் மாறும். இது தரவிழப்பு அல்ல. சரியான சோதனை வேறு: இரண்டு கோப்பிலும் சாம்டூல்ஸ் ஸ்டாட்ஸ் ஓட்டி, சிஎச்கே என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். பெயர், எழுத்து, தரமதிப்பெண் மூன்றுக்கும் தனித்தனிச் சரிபார்ப்பு எண் அதில் இருக்கும். மூன்றும் ஒத்தால் அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்க்காமல் பேமை அழிக்காதீர்கள்.

இன்னொன்று. மாற்றுவதற்கு முன் பேமுக்குள் என்னென்ன டேக் இருக்கின்றன என்று நான்கு ரீடுகளை எடுத்துக் கண்ணால் பாருங்கள். தரமதிப்பெண்ணைத் திருத்தும் கட்டத்தில் பழைய மதிப்பெண் முழுவதும் ஓக்யூ என்ற டேக்கில் பதுங்கியிருக்கலாம். பழைய பைப்லைன்களில் பிடி, பிஐ என்ற டேக்குகள் எழுத்துக்கு ஒன்று வீதம் அமர்ந்திருக்கும். பேக்பயோ நிறுவனக் கருவிகளின் ஹைஃபை கோப்புகளில், எழுத்தைப் படித்த வேகத்தைக் குறிக்கும் கைனெட்டிக்ஸ் டேக்குகள் அப்படித்தான். மெத்திலேஷன் (டிஎன்ஏ எழுத்தில் ஒட்டும் வேதி மாற்றம்) பார்க்கப் போவதில்லை என்றால் அவை வீண் சுமை. எந்தச் சுருக்கியையும்விட, தேவையில்லாத ஒரு டேக்கை நீக்குவது அதிக இடம் தரும்.

கேள்வி: முன்பு எழுதி வைத்த க்ராம் கோப்பு இப்போது திறக்க மறுக்கிறது. ரெஃபரன்ஸ் பொருந்தவில்லை என்கிறது. கொடுத்திருப்பது மனித ரெஃபரன்ஸின் அதே ஹெச்ஜி19 பதிப்புதான். என்ன செய்வது?

பதில்: ‘அதே ஹெச்ஜி19’ என்ற சொல்லில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. க்ராம் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குரோமோசோமின் எழுத்துகளையும் பெரிய எழுத்தாக்கி, வரி முறிவுகளை நீக்கி எடுத்த எம்டி5 எண்ணை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) நம்புகிறது. தலைப்பில் எஸ்க்யூ வரிகளில் எம்5 என்று இருப்பது அதுதான். இந்தக் கணக்கினால், சிறிய எழுத்தில் முகமூடியிட்ட ஃபாஸ்டாவும் முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள ஃபாஸ்டாவும் ஒரே எண்ணைத் தரும். ஆனால் ஓர் இடத்தை, ‘தெரியாது’ என்பதைக் குறிக்கும் ‘என்’ எழுத்தால் அடித்து மறைத்திருந்தால் எண் மாறிவிடும்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. யூசிஎஸ்சி தளத்தின் அசல் ஹெச்ஜி19-இல் மைட்டோகாண்ட்ரியா 16,571 எழுத்து நீளம். ஹெச்ஜி19-க்கு அடிப்படையான ஜிஆர்சிஹெச்37 வெளியீட்டின் வழி வந்தவற்றில் 16,569. இரண்டும் வேறு வரிசைகள். மற்ற குரோமோசோம்கள் பெரும்பாலும் பொருந்தும், மைட்டோகாண்ட்ரியாவில் வந்து நிற்கும். இரண்டாவது, அடுத்த பதிப்பான ஜிஆர்சிஹெச்38-இன் பகுப்பாய்வுத் தொகுதி. அதில் ஒய் குரோமோசோமின் இரு முனைகளிலும் எக்ஸோடு ஒத்துப்போகும் பகுதிகள் ‘என்’ ஆக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பதிப்பில் அப்படி இருக்காது. பிழை ஒய்யில் மட்டும் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கையிலிருக்கும் ஃபாஸ்டாவின் மீது சாம்டூல்ஸ் டிக்ட் ஓட்டுங்கள். குரோமோசோமுக்கு ஒரு எம்5 வரும். க்ராம் தலைப்பில் உள்ளதோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். எது வேறுபடுகிறதோ அந்தக் குரோமோசோமுக்கு மட்டும் சரியான வரிசையைத் தேடினால் போதும். எம்டி5 எண்ணைக் கொடுத்தாலே வரிசையைத் தரும் சேவையை ஈபிஐ நடத்துகிறது. பொதுவில் உள்ள ரெஃபரன்ஸ் என்றால் பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும்.

சாம்டூல்ஸின் பழைய பதிப்புகள், ரெஃபரன்ஸ் கொடுக்காவிட்டால் தாமாகவே அந்தச் சேவைக்குப் போய் எடுத்துவரும். இதனால் இரண்டு தொல்லைகள். இணையம் இல்லாத கணினித் தொகுப்பில் வேலை தொங்கிவிடும். இணையம் இருந்தாலோ, எடுத்துவந்ததெல்லாம் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கேஷில் சேர்ந்து கோட்டாவை விழுங்கும். ஹோம் நிரம்பியதற்குக் காரணம் தெரியாமல் தேடுபவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம். சரியான ஏற்பாடு, எல்லாருக்கும் பொதுவான ஒரு வட்டில் எம்டி5 பெயரில் ரெஃபரன்ஸ் களஞ்சியம் வைப்பது. சாம்டூல்ஸோடு வரும் சீக்-கேஷ்-பாப்புலேட் என்ற பெர்ல் நிரல் அதை உருவாக்கித் தரும். பிறகு ரெஃப்-பாத் சூழல் மாறியை அங்கே சுட்டிவிடுங்கள்.

வெளியாருக்கு அனுப்பும் கோப்பு, அல்லது ரெஃபரன்ஸ் உங்கள் ஆய்வகத்திலேயே தைத்த ஒன்று என்றால், ரெஃபரன்ஸையும் க்ராமுக்குள்ளேயே பதித்துவிடும் எம்பெட்-ரெஃப் விருப்பம் உண்டு. முழு மனித ஜீனோமுக்கு அதனால் கூடுவது 800 எம்பிக்கு உட்பட்டது. பத்து, பதினைந்து ஜிபி கோப்பில் அது பெரிதல்ல. தனியாகத் தைத்த ரெஃபரன்ஸை வேறு எவராலும் மீட்டுத் தர முடியாது. அங்கே இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். எக்ஸோம் (புரதத்தைக் குறிக்கும் பகுதிகள் மட்டும்) போன்ற சின்னக் கோப்புகளில்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: தரமதிப்பெண்ணைக் குறைந்த படிகளாக மாற்றினால் நிறைய இடம் மிச்சம் என்கிறார்கள். மருத்துவத் தரவில் இது சரியா?

பதில்: முதலில் உங்கள் தரவு ஏற்கெனவே குறைக்கப்பட்டதா என்று பாருங்கள். தரமதிப்பெண் என்பது பிழை வாய்ப்பின் மடக்கை: 20 என்றால் நூறில் ஒன்று தவறலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அந்த எண்ணோடு 33-ஐக் கூட்டி ஓர் ஆஸ்கி எழுத்தாகக் கோப்பில் எழுதுகிறார்கள். ஒரு சில ஆயிரம் ரீடுகளின் நான்காவது வரியை எடுத்து அதில் எத்தனை விதமான குறிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். இல்லுமினா நிறுவனத்தின் நோவாசீக் 6000 கருவி தந்த கோப்பென்றால் பெரும்பாலும் நான்கே வரும்: எஃப் என்ற எழுத்து, முக்காற்புள்ளி, காற்புள்ளி, ஹேஷ் குறி. அதாவது 37, 25, 11, 2. இதில் எஃப் மட்டுமே பெரும்பகுதி என்பதால் நல்ல சுருக்கியில் ஓர் எழுத்தின் தரமதிப்பெண் ஒரு பிட்டுக்கும் கீழே போய்விடும். இப்படிப்பட்ட தரவை மேலும் நசுக்காதீர்கள். கிடைக்கும் இடம் கொஞ்சம், போகும் தகவல் திரும்பாது.

40 விதக் குறிகள் வருகின்றனவா? அது பழைய கருவியின் தரவு. அங்கே தரமதிப்பெண் எழுத்துக்கு இரண்டு, மூன்று பிட் பிடிக்கும், க்ராமின் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும். எட்டுப் படிகளாகக் குறைப்பது இல்லுமினா தானே கடைப்பிடித்த முறை. பிறவி வழி மாற்றங்களை 30 மடங்கு ஆழத்தில் தேடும் வேலைக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. அங்கே பத்துப் பதினைந்து ரீடுகள் சேர்ந்து சாட்சி சொல்லும்போது ஒரு ரீடின் மதிப்பெண் 32-ஆ 35-ஆ என்பது முடிவை மாற்றுவதில்லை.

ஆனால் புற்றுக்கட்டியில் நூறில் ஒரு ரீடில் மட்டும் தெரியும் மாற்றத்தைத் தேடுகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே ஒன்றிரண்டு ரீடின் மதிப்பெண்தான் உண்மைக்கும் பிழைக்கும் நடுவே நிற்கிறது. அப்படிப்பட்ட தரவில் கை வைக்காதீர்கள். மருத்துவ முடிவுக்குப் பயன்பட்ட மாதிரி என்றால், முடிவு சொன்ன பைப்லைனை அதே உள்ளீட்டில் மறுபடி ஓட்ட முடிய வேண்டும். அதனாலேயே அசல் மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி க்ரம்பிள் என்ற கருவி. மாற்றம் இருக்கலாம் என்று ஐயம் உள்ள இடங்களில் மதிப்பெண்ணை அப்படியே விட்டு, எல்லா ரீடும் ஒருமித்துச் சொல்லும் இடங்களில் மட்டும் சமப்படுத்துகிறது. ஆராய்ச்சித் தொகுப்புகளுக்கு இது நல்ல தேர்வு. பொதுத் தரவுக் களஞ்சியம் நடத்தும் அமெரிக்க என்சிபிஐயின் எஸ்ஆர்ஏ லைட் வடிவம் இதற்கு நேர்மாறான எல்லை: ரீட் முழுவதற்கும் 30 அல்லது 3 என்று ஒரே மதிப்பெண். அங்கிருந்து இறக்கிய கோப்பில் எல்லா மதிப்பெண்ணும் 30 என்று இருந்தால் கருவி அப்படித் தந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முழு மதிப்பெண் உள்ள வடிவம் தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: க்ராம் வைத்திருந்தால் ஃபாஸ்ட்க்யூவை அழித்துவிடலாமா?

பதில்: க்ராமிலிருந்து ஃபாஸ்ட்க்யூவைத் திரும்பப் பெற முடியும் என்று நிரூபித்த பிறகு அழிக்கலாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் திரும்பப் பெற முடியாது: பொருத்துவதற்கு முன் அடாப்டரை (படிப்பதற்காக ஒட்டிய செயற்கைத் துண்டு) வெட்டியது, எங்கும் பொருந்தாத ரீடுகளை வீசியது, நகல் ரீடுகளைக் குறியிட்டு விடாமல் நீக்கியது, தரமதிப்பெண்ணைத் திருத்தி அசலை வைக்காமல் விட்டது. பொருந்தாத ரீடுகளை வீசுவதுதான் மிகப் பரவலான தவறு. ரெஃபரன்ஸில் இல்லாத பகுதி, வைரஸ், மாசு எல்லாம் அதில்தான் இருக்கும். ரெஃபரன்ஸ் மாறும்போது அவற்றில் பல ரீடுகளுக்கு இடம் கிடைக்கும்.

சோதிக்கும் முறை: க்ராமைச் சாம்டூல்ஸ் கொலேட் வழியாகச் செலுத்தி, ஃபாஸ்ட்க்யூ கட்டளையால், ஒரே டிஎன்ஏ துண்டின் இரு முனைகளிலிருந்து படித்த ஜோடி ரீடுகளை இரண்டு கோப்புகளாகப் பிரியுங்கள். பெயரின் கடைசியில் எதையும் ஒட்டாதிருக்கச் சிறிய என் விருப்பம் கொடுங்கள். பிறகு அசல் ஜோடியையும் மீட்ட ஜோடியையும் தனித்தனியே இம்போர்ட் கட்டளையால் பொருத்தப்படாத பேமாக்கி, ஸ்டாட்ஸின் சிஎச்கே வரியை ஒப்பிடுங்கள். இந்த எண் ரீடுகளின் வரிசையைச் சார்ந்ததல்ல, ஆகவே இட வரிசை மாறியது பிரச்சினை இல்லை. நேரடியாக க்ராமின் சிஎச்கேயை ஃபாஸ்ட்க்யூவோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. எதிர் இழையில் பொருந்திய ரீடுகள் அங்கே திருப்பி எழுதப்பட்டிருக்கும்.

பெயர் வரியில் இடைவெளிக்குப் பின் வரும் பகுதியையும் மறந்துவிடாதீர்கள். மாதிரியின் பார்கோடு அங்கே இருக்கும். பொருத்தும் கருவிகள் வழக்கமாக அதைக் கைவிட்டுவிடும். சில பைப்லைன்களில் மூலக்கூறுக் குறியான யூஎம்ஐயும் அந்தப் பகுதியில்தான் வைக்கப்பட்டிருக்கும். அதை டேக்காக மாற்றி க்ராமில் ஏற்றிய பிறகே அழிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் உயிரிக்கு ரெஃபரன்ஸ் ஜீனோமே இல்லை. ஃபாஸ்ட்க்யூவாகவேதான் வைக்க வேண்டும். வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரே இடத்து ரீடுகளைப் பக்கத்தில் பக்கமாக நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பிபிடூல்ஸ் என்ற நிரல்தொகுப்பில் உள்ள கிளம்ப்பிஃபை அதைத்தான் செய்கிறது. பொதுவான சிறு துண்டுகளைப் பகிரும் ரீடுகளை ஒன்றாகக் குவித்து, மறுபடி சாதாரண ஜிசிப்பாகவே தருகிறது. எந்தக் கருவியும் அப்படியே படிக்கும் என்பதுதான் இதன் அழகு. ஸ்ப்ரிங் என்ற சுருக்கி இன்னும் ஆழமாகப் போகிறது. ரீடுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, அதிலிருந்தே ஒரு தற்காலிக ரெஃபரன்ஸைத் தைத்துக்கொண்டு, வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. வரிசை முக்கியமில்லை என்றால் சிறிய ஆர் விருப்பம் கொடுங்கள், இன்னும் குறையும். ஜோடிகள் பிரியாது. ஆனால் ஸ்ப்ரிங் கோப்பை விரித்த பிறகே பயன்படுத்த முடியும், நினைவகமும் தாராளமாகக் கேட்கும். அதனால் காப்பகத்துக்கு ஸ்ப்ரிங், நடப்பு வேலைக்குக் கிளம்ப்பிஃபை.

வரிசை மாற்றிய கோப்பில் ஒரு சிக்கல் உண்டு. ரீடுகளை ரெஃபரன்ஸோடு பொருத்தும் பிடபிள்யூஏ மெம் போன்ற கருவிகள் ரீடுகளைத் தொகுதி தொகுதியாக எடுத்து, ஜோடிகளுக்கு இடையேயான தூரத்தை அந்தத் தொகுதியிலிருந்தே கணிக்கின்றன. ஒரு தொகுதி முழுக்க மீள்வரிசைப் பகுதியின் ரீடுகளாக அமைந்துவிட்டால் கணிப்பு கோணலாகும். பொருத்துவதற்கு முன் ரீடுகளைக் கலைத்துவிட்டால் சரியாகிவிடும்.

மண், நீர் போன்ற கலப்பு மாதிரிகளில் ஒரே இடத்தை மறுபடி மறுபடி படித்திருக்கும் வாய்ப்பு குறைவு. அங்கே இந்த முறைகளின் லாபமும் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: ஆயிரக்கணக்கான பாக்டீரியா ஜீனோம்கள் ஃபாஸ்டாவாக உள்ளன. எக்ஸ்இசட் என்ற பொதுச் சுருக்கியின் 9-ஆம் நிலையில் சுருக்கியும் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவில்லை. எல்லாம் ஒரே இனம். ஏன் இப்படி?

பதில்: தனித்தனியாகச் சுருக்கியிருப்பீர்கள். ஒரு ஜீனோமுக்குள் மிகை அதிகம் இல்லை, எழுத்துக்கு இரண்டு பிட் என்றால் அதுவே நான்கில் ஒரு பங்கு. மனித ஜீனோமுக்கு டிஎன்ஏவுக்கென்றே எழுதிய ஜெகோ போன்ற சுருக்கிகள்கூட 1.6 பிட் அளவில்தான் நிற்கின்றன, அதற்கும் மிக நீண்ட நேரம் ஆகும். உங்கள் தரவில் மிகை இருப்பது ஜீனோம்களுக்கு இடையே. ஆகவே நெருங்கிய உறவுள்ளவற்றை அடுத்தடுத்து வைத்து ஒரே கோப்பாக்கிச் சுருக்க வேண்டும். எக்ஸ்இசட் 9-இன் அகராதி, அதாவது அது பின்னால் பார்க்கும் தூரம், 64 எம்பி. ஈ. கோலை ஜீனோம் 46 லட்சம் எழுத்து, அதாவது பதின்மூன்று ஜீனோம்வரை பின்னால் பார்க்கும். இசட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கியில் லாங் விருப்பத்துக்கு 31 கொடுத்தால் 2 ஜிபி, நானூறுக்கு மேல். 27-க்கு மேல் கொடுத்தால் விரிக்கும்போதும் அதே விருப்பத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் திறக்காது. அதைக் கோப்பின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சுருக்குவதற்கு முன் வரி முறிவுகளை நீக்குங்கள். இது சின்ன விஷயம்போலத் தோன்றும், விளைவு பெரிது. ஃபாஸ்டாவில் 60 எழுத்துக்கு ஒரு புதுவரி என்றால், ஒரே மரபணு இரண்டு ஜீனோமில் வேறு வேறு இடத்தில் தொடங்கும்போது புதுவரி வெட்டும் புள்ளியும் மாறும். ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒற்றுமை, 60-க்கும் குறைவான துண்டுகளாகச் சிதறிவிடும். எதிர் இழையில் திரும்பியிருக்கும் ஒற்றுமையைப் பொதுச் சுருக்கிகள் காண்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தினசரிப் பயன்பாட்டுக்கு ஏஜிசி என்ற கருவி இன்னும் பொருத்தம். ஒத்த ஜீனோம்களின் தொகுப்பை ஒரே காப்பகமாக்கி, வேண்டிய ஜீனோமை அல்லது கான்டிக்கை (ஜீனோமின் தொடர்ச்சியான ஒரு துண்டு) மட்டும் சில நொடிகளில் எடுத்துத் தரும். நெருக்கமான தொகுப்பில் நூறு மடங்குக்கும் மேல் சுருக்கும்.

எழுத்துக்கு இரண்டு பிட் வீதம் எழுதும் 2பிட் வடிவத்தில் வைக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். ரெஃபரன்ஸுக்கு அது நல்லது. ‘என்’ பகுதிகளையும் சிறிய எழுத்துப் பகுதிகளையும் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்கிறது. ஆனால் ஆர், ஒய் போன்ற ஐயக்குறி எழுத்துகள் ‘என்’ ஆகிவிடும். அவை உள்ள அசெம்பிளிக்கு (ரீடுகளிலிருந்து தைத்தெடுத்த ஜீனோம்) வேண்டாம்.

கேள்வி: நானோபோர் (நுண்துளை வழியே டிஎன்ஏ செல்லும்போது மின்னோட்டத்தை அளந்து படிக்கும் முறை) தரவில் அந்த அளவீடுகள் அடங்கிய சிக்னல் கோப்புதான் மலைபோல் இருக்கிறது. அழிக்கலாமா?

பதில்: நொடிக்கு 5,000 அளவீடு, 400 எழுத்து என்ற வேகத்தில் ஓர் எழுத்துக்கு 12.5 அளவீடு, ஒவ்வொன்றும் 16 பிட். எழுத்துக்கு 25 பைட். பாட்5 வடிவம் அடுத்தடுத்த அளவீடுகளின் வேறுபாட்டை எடுத்து, சிறு எண்களாக்கி, இசட்ஸ்டாண்டர்டில் சுருக்குகிறது. மிச்சம் இருப்பது மின்னோட்டத்தின் இரைச்சல், அது சுருங்காது. பழைய ஃபாஸ்ட்5 வைத்திருந்தால் பாட்5-க்கு மாற்றுங்கள். அழிப்பது என்றால் உயர் துல்லியக் கணிப்பு மாடலால் ஒருமுறை பேஸ்காலிங் (சிக்னலை எழுத்தாக்குவது) செய்து, மெத்திலேஷனையும் சேர்த்துக் கணித்து, முடிவைப் பேமாக வாங்கிய பிறகு அழியுங்கள். அந்தத் தகவல் எம்எம், எம்எல் டேக்குகளில் வரும். வெறும் ஃபாஸ்ட்க்யூவாக வாங்கினால் அது போய்விடும். மறுபடி சீக்வென்ஸ் செய்ய முடியாத அரிய மாதிரி என்றால் சிக்னலை வைத்திருங்கள்.

கேள்வி: ஜிசிப் செய்த விசிஎஃப் கோப்பை (ரெஃபரன்ஸிலிருந்து மாறும் இடங்களின் பட்டியல்), வேண்டிய பகுதியை மட்டும் எடுக்க உதவும் டேபிக்ஸ் கருவி ஏற்க மறுக்கிறது. கோப்பும் மாதிரி கூடக்கூட அளவுக்கு மீறி வீங்குகிறது.

பதில்: டேபிக்ஸுக்கு பிஜிசிப் செய்த கோப்பு வேண்டும். பிஜிசிப் 64 கேபிக்கு மிகாத துண்டுகளாக வெட்டித் தனித்தனியே சுருக்குவதால்தான் நடுவிலிருந்து எடுக்க முடிகிறது. இரண்டுக்கும் ஒரே நீட்டிப்பு என்பதால் குழப்பம். ஹெச்டிஎஸ்ஃபைல் கட்டளை எது எதுவென்று சொல்லும். ஜிசிப்பை விரித்து பிஜிசிப் செய்துவிடுங்கள்.

வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிஎல் புலம், அதாவது மாதிரியில் இருக்கக்கூடிய ஒவ்வொரு வடிவ ஜோடிக்கும் (ஜீனோடைப்) எவ்வளவு வாய்ப்பு என்ற எண்கள். ஓர் இடத்தில் ஒரு மாற்று வடிவம் என்றால் மாதிரிக்கு 3 எண். இரண்டானால் 6, ஆறானால் 28. மாதிரிகள் பெருகும்போது ஒரே இடத்தில் மாற்று வடிவங்களும் பெருகும், ஆகவே இரண்டு பக்கமும் வளரும். இறுதிக் கோப்பில் பிஎல் தேவையில்லை என்றால் பிசிஎஃப்டூல்ஸ் அனோடேட் கட்டளையால் நீக்குங்கள். ஜீனோடைப் மட்டும் போதும் என்றால் பிளிங்க் என்ற கருவியின் பெட் வடிவத்தில் ஒரு ஜீனோடைப்புக்கு இரண்டே பிட்.

கேள்வி: ஒரே ஃபாஸ்ட்க்யூவை இரண்டு முறை ஜிசிப் செய்தால் எம்டி5 மாறுகிறது. தரவு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. ஜிசிப் தன் தலைப்பில் கோப்பின் பெயரையும் நேரத்தையும் எழுதுகிறது. அது மாறினால் எம்டி5 மாறும். சிறிய என் விருப்பம் கொடுத்தால் அவற்றை எழுதாது. வேறு நிலையிலோ வேறு கருவியிலோ சுருக்கினாலும் பைட்டுகள் மாறத்தான் செய்யும். ஆகவே இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: நகலெடுப்பதைச் சோதிக்கச் சுருக்கிய கோப்பின் எம்டி5, வடிவம் மாற்றுவதைச் சோதிக்க விரித்த ஓட்டத்தின் எம்டி5.

என்கிரிப்ட் செய்வதானால் சுருக்கிய பிறகே செய்யுங்கள். என்கிரிப்ட் ஆன தரவை எந்தச் சுருக்கியாலும் சுருக்க முடியாது. ஜீனோம் தரவுக்கான கிரிப்ட்4ஜிஹெச் என்ற என்கிரிப்ட் முறையில் 64 கேபி துண்டுகளாக மறைப்பதால், க்ராமின் இண்டெக்ஸைக் கொண்டு வேண்டிய பகுதியை மட்டும் திறக்கலாம், முழுக் கோப்பையும் விரிக்க வேண்டியதில்லை.